நௌரினின் பச்சை ஃபைல்

காலை 11.10.

ஜுமைலா இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து இரும்பு அலமாரியைத் திறந்தாள். அதுவரை பூட்டு போட்டபடியேதான் இருந்தது. மேல்தட்டில் பச்சை ஃபைலும் நேற்று வைத்த இடத்தில்தான் இருந்தது. அதை வாங்கிப் பிரித்த மகள் நௌரின் முதல் காகிதத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, இது என்னோடது இல்லே. அண்ணனோட சர்டிபிகேட்.”

அடுத்த அரை மணி நேரம் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கட்டில் அடி, அரிசி டின், தொழுகைப் பாய், ஒன்று விடவில்லை. அதே நிறத்தில், அதே கடையில் வாங்கிய நௌரினின் பச்சை ஃபைல் மட்டும் எங்கேயும் இல்லை.

அன்று மாலை நான்கு மணிக்குள் களமசேரிக் கல்லூரியில் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும். புள்ளியியல் படிப்பு. ஒரு நிமிஷம் தாமதித்தாலும் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதுமட்டுமா? கிடைத்த இடத்தில் சேராதவர்களின் பெயரை மொத்தப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவார்கள். இந்த வருஷம் வேறெங்கும் அலாட்மென்ட் கிடையாது.

நௌரின் கேட்டதெல்லாம் கோழிக்கோடு, திருவனந்தபுரம் என்று தூரத்துக் கல்லூரிகள். அத்தா அப்துல் நாசர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “அண்ணன் படிக்கிற இடத்திலே சேருறியா, சேரு. இல்லேன்னா வீட்டிலே இரு.” அண்ணன் ஷானவாஸ் அங்கே மூன்றாம் வருஷம் பி.காம். அந்த ஒரு கதவுதான் அவளுக்குத் திறந்திருந்தது. அதுவும் இன்று நான்கு மணிக்கு மூடப்போகிறது.

அழுதுகொண்டே ஸுப்ரியாவுக்குப் போன் செய்தாள்.

பகல் 12.05.

ஸுப்ரியா வந்தபோது முழங்கால் வரை நனைந்திருந்தாள். மழை ஒரு பக்கம், காயலில் நீர் ஏற்றம் இன்னொரு பக்கம். பஜார் ரோட்டுக்குப் பின்னாலிருக்கும் அந்தச் சந்தில் தண்ணீர் வாசற்படியை நக்கிக்கொண்டிருந்தது. திருப்பூணித்துறைக்காரி, நாற்பது வயது. மட்டாஞ்சேரியில் ஆன்லைன் சேவை மையம் வைத்திருக்கிறாள். இந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் அவள் விரல் வழியாகத்தான் போகும். யார் எத்தனை மார்க், யார் வீட்டில் எதற்குச் சண்டை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாய் கொஞ்சம் நீளம். மூளை அதைவிட நீளம்.

“இந்த மழையிலே என்னை வரவழைச்சாச்சு. இனி நான் சொல்றவரைக்கும் யாரும் வெளியே போகப்படாது. மனசிலாச்சா?” என்று வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளே மின்விசிறி ஓடவில்லை. கரண்ட் போய் ஒரு மணி நேரம். கீழே மண்டியிலிருந்து சுக்கு நெடி ஏறி வந்தது. வீட்டார் நான்கு பேரும் ஒரே அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஜுமைலாத்தா, நேத்து ஃபைலை யார் வச்சது?”

“நான்தான். ராத்திரி எட்டரைக்கு. வச்சேன், பூட்டினேன். சாவி இடுப்பைவிட்டு இறங்கலே.”

“மேஜையிலேர்ந்து எடுத்தது?”

“ஷானவாஸ் எடுத்துத் தந்தான்.”

“அவனோட ஃபைல் ஏன் மேஜைக்கு வந்தது?”

ஷானவாஸ் தொண்டையைச் செருமினான். இருபது வயது. ஒல்லி. “என்னென்ன பேப்பர் வேணும்னு நௌரினுக்குக் காட்டத்தான் சேச்சி எடுத்தேன். ரெண்டும் பச்சை. அவசரத்திலே மாறிப்போச்சு. எல்லாம் என் தப்பு.”

“அப்போ நௌரினோட ஃபைல் மேஜையிலேயே இருந்திருக்கணும்.”

“இருந்திருக்கணும்.”

“காலையிலே இருந்ததா?”

யாரும் கவனிக்கவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு அந்த மேஜையில் ஒருத்தி உட்கார்ந்து சாயா குடித்திருக்கிறாள். நௌரினின் சிநேகிதி நிஸா.

நாசர் தொடையில் ஓங்கி அடித்தார். “அவதான்! அதே படிப்புக்குக் காத்திருப்புப் பட்டியலிலே முதல் பேரு அவ பேரு. இவ சேரலேன்னா சீட்டு அவளுக்கு. வேற யாருக்கு இதிலே லாபம்?”

“நிஸா அப்படிச் செய்ய மாட்டா அத்தா” என்றாள் நௌரின். சொல்லும்போதே அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் அவளை இன்னும் அழவைத்தது.

ஸுப்ரியா நாசரை ஏற இறங்கப் பார்த்தாள். “லாபம்னு பார்த்தா உங்களுக்கும் உண்டே நாசரிக்கா. பொண்ணு அக்கரை தாண்டிப் படிக்கறது உங்களுக்கு இஷ்டமே இல்லைன்னு ஊருக்கே தெரியும்.”

“நானா?” என்று சீறினார் நாசர். “பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு நேரா சொல்லிட்டுப் போறேன். எனக்கென்ன பயம்? ஒளிச்சு வைக்கிற புத்தி எனக்கில்லே.”

அது உண்மைதான். அந்த வீட்டில் ‘வேண்டாம்’ என்று சத்தமாகச் சொல்லும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

பகல் 12.40.

நிஸாவின் போன் ஸ்பீக்கரில் போடப்பட்டது.

“காலையிலே இங்கே எதுக்கு வந்தே மோளே?”

“சும்மா சேச்சி. அவளை வாழ்த்திட்டுப் போகலாம்னு.”

“மேஜையிலே பச்சை ஃபைல் பார்த்தியா?”

“மேஜையிலே சாயாவும் அரிசிப் பத்திரி தட்டும்தான் இருந்தது. ஏன் சேச்சி?”

“நௌரின் இன்னிக்குச் சேரலைன்னா அந்த சீட்டு உனக்குத்தானே?”

அந்தப் பக்கம் நிஸாவின் குரல் உடைந்தது. “என்னை அப்படியா நினைக்கறீங்க? நான் நேத்தே சுள்ளிக்கல் பக்கத்துக் காலேஜிலே சேர்ந்தாச்சு. டி.சி. கொடுத்தாச்சு. கொடுத்த டி.சி.யை அவங்க திருப்பித் தருவாங்களா? இனி எந்த சீட்டு வந்து எனக்கென்ன?”

நௌரின் முகத்தை மூடிக்கொண்டாள். ஸுப்ரியா போனை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

“அந்த ஃபைலைக் கொடு” என்றாள்.

அலமாரியில் கிடைத்த ஷானவாஸின் ஃபைல். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ். ப்ளஸ் டூ மார்க் லிஸ்ட். மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. நன்னடத்தைச் சான்றிதழ். மழை ஈரமிருந்த விரலால் மாற்றுச் சான்றிதழின் முத்திரையை ஓரத்தில் லேசாகத் தொட்டாள். ஊதா மை விரலில் ஒட்டியது.

பிறகு ஷானவாஸிடம் வந்தாள். “கையை நீட்டு.”

“எதுக்கு?”

“நீட்டுடா.”

நகக்கண் ஒவ்வொன்றிலும் கறுப்பு. சோப்புப் போட்டும் போகாத கறுப்பு.

“உன் ஸ்கூட்டர் எங்கே?”

“கீழேதான். காலையிலேர்ந்து ஸ்டார்ட் ஆகலே சேச்சி. தண்ணி புகுந்திருக்கும். நிஸா வீட்டுக்குப் போய்த் தேடலாம்னாகூட...”

“சாவி.”

அவன் தரவில்லை. சாவியைத் தேடும் பாவனையில் சட்டைப் பையைத் தொட்டான், பேன்ட் பையைத் தொட்டான். அறையில் இருந்த எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

பகல் 1.00.

“நாசரிக்கா, ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்கோ” என்று ஸுப்ரியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “உங்க எல்லாருக்கும் இதுவரைக்கும் ஒரே கேள்விதான். நௌரின் ஃபைல் எங்கே போச்சு? நானும் அதையேதான் கேட்டேன், மண்டு மாதிரி. கேட்டிருக்க வேண்டியது வேற. ஷானவாஸ் ஃபைல் ஏன் இங்கே இருக்கு?”

“அவன் சர்டிபிகேட் அவன் வீட்டிலே இல்லாம?” என்றார் நாசர்.

“மார்க் லிஸ்டைக் காலேஜ்காரா பார்த்துட்டுத் திருப்பித் தருவா. அது வீட்டிலே இருக்கலாம். ஆனா டி.சி. அப்படியில்லே. ஒரு காலேஜிலே சேர்ற அன்னிக்கே அசலை வாங்கி வச்சுப்பா. அதைக் கொடுக்காம எவனையும் சேர்க்க மாட்டா. இதோ இவன் ப்ளஸ் டூ முடிச்ச டி.சி. ஜெராக்ஸ் இல்லே, அசல். மை விரல்லே ஒட்டறது. ரெண்டு வருஷமா களமசேரியிலே படிக்கறவனோட டி.சி. மட்டாஞ்சேரி அலமாரியிலே என்ன பண்றது?”

ஜுமைலாவுக்குப் புரியவில்லை. நாசருக்கும் உடனே புரியவில்லை. அவர் ஐந்தாம் வகுப்போடு பாலக்காட்டிலிருந்து மண்டிக்கு வந்தவர். நௌரினுக்குப் புரிந்தது. அவள் அண்ணனைப் பார்த்தாள்.

“அண்ணா, நீ காலேஜே போகலையா?”

ஷானவாஸ் சுவரில் சாய்ந்தான்.

“எடுத்தது நீதான்” என்றாள் ஸுப்ரியா. “நௌரின் அங்கே கால் வச்சா ஒரே நாள்லே உன் பொய் வெளியே வந்துடும். பி.காம் மூணாம் வருஷத்திலே ஷானவாஸ் யாருன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. அதனாலே நேத்து அம்மா கையிலே உன் ஃபைலைக் கொடுத்தே. கனம் சரியா இருக்கணுமே! வேற காகிதம் இருந்தாத் திருட்டுன்னு தெரிஞ்சுடும், உன்னோடது இருந்தா மாறிப்போச்சுன்னு தோணும்னு கணக்குப் போட்டே. நல்ல கணக்குதான். ஆனா காலேஜிலே சேரவே சேராதவனுக்கு டி.சி.யை வாங்கி வச்சுப்பான்னு எப்படித் தெரியும்? நகத்திலே இருக்கறது டீசல் கரி, இது எஞ்சின் பிரிக்கற கை. இந்தக் கைக்கு ஒரு ஸ்கூட்டர் மக்கர் பண்ணுமா? வீட்டிலே தேடாத இடம் அந்த ஸ்கூட்டர் சீட்டுக்கு அடி ஒண்ணுதான். சாவியைக் கொடு.”

கொடுத்தான். நௌரின் படியிறங்கி ஓடினாள். திரும்பி வரும்போது பாலிதீன் கவரில் சுற்றிய பச்சை ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஒரு சொட்டு ஈரம் படாமல் பத்திரமாகத்தான் சுற்றி வைத்திருந்தான்.

“சேர வேண்டிய அன்னிக்குப் போனேன் அத்தா” என்றான் ஷானவாஸ், தரையைப் பார்த்தபடி. “வரிசையிலே எனக்கு முன்னாடி அஞ்சு பேர். கணக்குப் படிப்பு எனக்கு ஏறாதுன்னு தெரியும். நாளைக்கு வரலாம்னு திரும்பிட்டேன். மறுநாளும் அப்படியே. அப்புறம் தேதி போயிருச்சு. தோப்பும்படியிலே படகு எஞ்சின் ஒர்க்‌ஷாப்பிலே சேர்ந்தேன். நீங்க தந்த ஃபீஸை ஸ்காலர்ஷிப்புன்னு சொல்லி அம்மாகிட்டேயே கொடுத்தேன். தினமும் காலையிலே பையை மாட்டிக்கிட்டு இறங்குவேன். இன்னிக்குச் சொல்லிரணும்னு தினமும் நினைப்பேன்.”

“என் படிப்பை எதுக்குடா கெடுத்தே?” நௌரின் கத்தினாள்.

“அஞ்சு மணிக்கு எடுத்து வச்சிருப்பேன். சுள்ளிக்கல்லிலே உன்னை எப்படியாவது...”

“அஞ்சு மணிக்கு அது வெறும் காகிதம்டா! என் பேரையே அடிச்சிருப்பாங்க. உனக்கு ஒரு பொய் தப்பணும்னா எனக்கு ஒரு வருஷம் போகணுமா?”

அவன் அழுதான். யாரும் தேற்றவில்லை.

பகல் 1.25.

ஃபைல் கிடைத்துவிட்டது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. ஏனென்றால் நாசர் எழுந்திருக்கவில்லை. பெற்றவர் கையெழுத்து இல்லாமல் சேர முடியாது.

“அண்ணன் இருக்கான்னுதானே ஒத்துக்கிட்டேன்” என்றார் அவர் மெதுவாக. “இப்ப அவனும் அங்கே இல்லே. இனி யாரை நம்பி உன்னை அனுப்ப?”

இது ஸுப்ரியா துப்புத் துலக்கித் தீர்க்கிற விஷயமில்லை.

நௌரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தாவின் எதிரே நின்றாள். “ரெண்டு வருஷமா அங்கே இல்லாத ஒருத்தனை நம்பினீங்க அத்தா. நான் அங்கே நிஜமா இருப்பேன். என்னை நம்பக் கூடாதா?”

வெளியே சந்தில் யாரோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்து போனார்கள். நாசர் மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியில் ஸுப்ரியாவைப் பார்த்தார்.

“தமிழ்லே கையெழுத்துப் போட்டா ஒத்துக்குவாங்களா?”

“தாராளமா ஒத்துப்பா இக்கா. எழுந்திருங்கோ முதல்லே.”

மாலை 3.20.

ஸுப்ரியாவின் ஸ்கூட்டரில் நௌரின். ஷானவாஸ் ஓட்டிய ஸ்கூட்டரில் நாசர். பாலத்தில் முக்கால் மணி நேரம் நெரிசலில் நின்று, மழையில் ஊறி, களமசேரிக் கல்லூரி வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். மாணவியோடு பெற்றவர் ஒருவருக்கு மட்டும்தான் அனுமதி என்றார் காவலாளி. ஷானவாஸிடம் அடையாள அட்டை கேட்டார். அவன் பின்வாங்கிச் சாலையோரம் நின்றுகொண்டான். நாசர் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

3.52-க்கு நௌரினின் பெயர் பதிவேட்டில் ஏறியது.

வெளியே வந்தபோது ஷானவாஸ் அதே இடத்தில் தொப்பலாக நின்றிருந்தான். நாசர் தன் குடையை விரித்தார். அவனுக்குப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாதவர் போல ஒரு கணம் நின்று, பிறகு அவன் பக்கமாகச் சாய்த்தார்.

“அந்த எஞ்சின் வேலை உனக்குப் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு அத்தா.”

“அதை ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?”

“சொன்னா விட்டிருப்பீங்களா?”

நாசர் விட்டிருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும்.

“நாளைக்கு என்னை அந்த ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போ” என்றார். “நானே கண்ணால பார்க்கணும். இனி நீ வாயால சொல்றது எதையும் நான் நம்பறதா இல்லே.”