மூன்று விரல் இடைவெளி

அன்று மத்தியானம் லிப்டு வண்டியைச் சந்துக்குள் விட்டபோது ராஜையனின் முழங்கை சாக்கில் உரசியது. இதற்கு முன் ஒருநாளும் உரசியதில்லை.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னாலிருந்த அந்த அரிசிக் கிட்டங்கிக்கு வண்டி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கொச்சியில் கப்பலிறங்கியது. பாட்டரியில் ஓடும். ஒருவர் நின்று ஓட்டும் அகலம். முன்னால் மூட்டை தூக்க இரண்டு இரும்புக் கரங்கள். அதற்கென்றே ஸ்டோர் கீப்பர் நயினார், கூரைவரை அடுக்கிய மூட்டைகளின் நடுவே ஒரே ஒரு சந்து விட்டிருந்தார். மறுகோடியில் சுவர். போனவழியே பின்னோக்கித்தான் திரும்ப வேண்டும். இருபுறமும் நாலு விரல் இடைவெளி இருக்கும்.

ராஜையன் கையை வைத்துப் பார்த்தான். மூன்றுதான் நுழைந்தது. வண்டியை வெளியே எடுத்தான்.

"அண்ணாச்சி, சந்து இறுகிக் கிடக்கு."

"இடவப்பாதி மழையல்லே, அரிசி ஈரம் குடிச்சு ஊதும். வெப்ராளப்படாதே, பயப்பட ஒண்ணுமில்லே," என்றார் நயினார். "லாரி காத்துக் கிடக்குது. கடைக்கோடி மூட்டையை எடுத்துட்டு வா."

மறுபடி நுழைந்தான். ஓட்டுக்கூரையில் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, பழைய சாக்கின் நெடியும் எலிப்புழுக்கை நாற்றமும் பாட்டரியின் புளித்த வாடையும் கலந்து தொண்டையில் இறங்க, வாசலின் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்தது. பாதித் தூரத்தில் தோள் சாக்கில் பட்டது. மழைக்காலத்துச் சாக்கு சில்லென்றிருக்க வேண்டும். இது வெதுவெதுவென்றிருந்தது.

வண்டியை நிறுத்தினான்.

மோட்டாரின் முனகல் நிற்கவில்லை.

இடப்பக்கத்து மூட்டைச் சுவருக்குள்ளிருந்து வந்தது அது. அங்கே சந்து கிடையாது. இப்படியொரு வண்டி இந்த ஊரிலேயே வேறு கிடையாது. மூட்டைகள் ஒவ்வொன்றாக அதிர்ந்தன. முனகல் அவனை ஒட்டியே நகர்ந்தது. அவனைக் கடந்தது. வாசலை நோக்கிப் போனது.

வண்டியைப் பின்னுக்கு இழுத்தான். அசையவில்லை. இருபுறமும் சாக்குகள் வண்டியின் தகரத்தை இறுக்கியிருந்தன. இறங்க இடமில்லை.

"அண்ணாச்சி."

குரலைச் சாக்குகள் குடித்துவிட்டன. மறுபடி கத்தினான். கழுத்தைத் திருப்பினான்.

வாசலில் ஒரு லிப்டு வண்டி நின்றது. கரங்களில் மூட்டை.

"வந்தாச்சா ராஜையா?" நயினாரின் குரல் தெளிவாகக் கேட்டது. "சரி, நீ வீட்டுக்குப் போயிரு. மாசமா இருக்கிற உன் பெண்டாட்டியல்லே தனிச்சு இருக்கா."

"போறேன் அண்ணாச்சி."

ராஜையனின் குரல். ராஜையன் வாய் திறக்கவில்லை.

காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் வண்டியிலிருந்து இறங்கினான். திரும்பினான். சந்துக்குள் நேராகப் பார்த்தான். ராஜையனின் முகம் அது. பிறகு, அவசரமே இல்லாமல், கிட்டங்கியின் இரண்டு கதவுகளிலும் உள்ளங்கைகளைப் பதித்து, மெல்லச் சாத்தத் தொடங்கினான்.