நிறுத்திய இடத்திலிருந்து

டிஸ்க் உள்ளே போனதும் படம் முதலிலிருந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நேற்று அவள் அழுகை தாங்காமல் நிறுத்திய அதே அலையில், பதினோராவது நிமிடத்தில் தொடங்கியது.

மருத்துவமனையில் காலை ஷிப்ட் முழுக்க எக்ஸ்ரே எடுத்துவிட்டு மூன்று மணிக்கு வீடு திரும்பியவள், தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல் திரையையே பார்த்தாள். பிளேயர் வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. கடைக்காரர் இரண்டு மாடல்களை அருகருகே வைத்து விளக்கியது நன்றாக நினைவிருந்தது.

"ரெண்டுமே பழைய டிஸ்க்கையும் பளிச்சுன்னு காட்டும் மேடம். இந்தப் பெருசு, நிறுத்தின இடத்தை ஞாபகம் வச்சுக்கும். ஆஃப் பண்ணிட்டுப் போனாலும் மறுநாள் அங்கேருந்தே ஓடும். சின்னதுல அது கிடையாது. எப்பவும் மொதல்லேருந்துதான்."

"நான் பாக்கப்போறது ஒரே ஒரு டிஸ்க்குங்க. மொதல்லேருந்தே பாத்துக்கிறேன்" என்று சின்னதையே எடுத்துவந்தாள்.

அந்த டிஸ்க், இரண்டு வருடம் முன்பு போன கடற்கரைப் பயணம். கேமரா பிடித்தது கணவர். அதனால் படம் முழுக்க அவள்தான். அவருடையது குரல் மட்டும். "ஏ வாத்து, இங்க பாரு. பல்லு தெரியாம சிரி." நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் கேமராவைத் துண்டின்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். கொஞ்ச நேரம் மணலும் வானமும் தெரியும். அத்தோடு படம் முடிந்துவிடும். கடல் அவரை இன்றுவரை திருப்பித் தரவில்லை.

கடைக்கு போன் செய்தாள். "மாத்திக் குடுத்துட்டீங்களா? விட்ட இடத்துலேருந்து ஓடுதே."

பெட்டியில் இருந்த எண்ணைக் கேட்டுச் சரிபார்த்தவர், "நீங்க கேட்டதுதான் மேடம். அதுல அந்த வசதியே இல்ல. பிளக்கைக் கழட்டி மாட்டிப் பாருங்க" என்றார்.

கழற்றினாள். மறுநாள் மாலை வரை கழற்றியே வைத்திருந்தாள். மாட்டியபோது படம் முப்பதாவது நிமிடத்தில் தொடங்கியது. இந்த பிளேயரில் அவள் இன்னும் அவ்வளவு தூரம் பார்க்கவே இல்லை.

"கீறல் விழுந்திருக்கும்க்கா, அதான் தாவுது" என்றான், டிஸ்க்கில் பதிந்து கொடுத்த தம்பி. "நீ சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

அதற்கு அடுத்த நாள், நாற்பத்து மூன்றாவது நிமிடம். அந்த டிஸ்க்கில் இல்லாத நிமிடம். மணலும் வானமும் ஒருமுறை குலுங்கின, யாரோ கேமராவைக் கையில் எடுத்ததுபோல. குரல் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது, நுரையீரலில் தண்ணீர் தேங்கியவர்கள் ஸ்ட்ரெச்சரில் கிடந்து இழுப்பதுபோல, களகளவென்று. அலைச்சத்தம் மெல்லப் பின்னால் போக, கேமரா மணல்மேட்டில் ஏறிச் சாலைக்கு வந்து நடக்கத் தொடங்கியது.

டிஸ்க்கை உடைத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. அது அவர் மூச்சாக இருந்தால்?

தினமும் மாலை பார்த்தாள். தினமும் விட்ட இடத்திலிருந்து நடந்தது. நெடுஞ்சாலையோரப் புதர்கள், ஒரு பாலம், மூடிய ரயில்வே கேட். ஆறாம் நாள் கேமரா ஒருமுறை தாழ்ந்தது. வெறுங்கால்கள். வெளுத்து, ஊறி, நகங்களில்லாமல். இன்னாருடையவை என்று அடையாளம் சொல்ல அவற்றில் எதுவும் மிச்சமில்லை. ஏழாம் நாள் அவளுடைய தெருமுனை மருந்துக்கடை தெரிந்தது.

அவளால் அடக்க முடியவில்லை. "என்னங்க?" என்றாள் டிவியைப் பார்த்து.

மூச்சு நின்றது. நடை நின்றது. எதையோ காதில் வாங்கிக்கொள்வதுபோலக் கேமரா லேசாகச் சாய்ந்தது. பிறகு நடந்தது. முன்பைவிட வேகமாக.

திரை அணைந்தது.

எட்டாம் நாள் போடக்கூடாது என்றுதான் நினைத்தாள். வெயில் சாயும் நேரத்தில் விரல் தானாக ரிமோட்டைத் தேடியது.

கேட். மாடிப்படி. ஒவ்வொரு படியிலும் ஈரம் சப்பென்று ஒட்டிப் பிரியும் சத்தம். சத்தம் டிவியிலிருந்துதான் வந்தது. டிவியிலிருந்துதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சோபாவுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் வாசற்கதவு. திரும்பவில்லை. திரும்பத் தைரியமில்லை.

திரையில் அதே கதவு, வெளியிலிருந்து. அவளுடைய செருப்பு. கதவின் நடுவில், வந்திருப்பது யாரென்று உள்ளிருந்து பார்க்கப் பதித்த லென்ஸ், சின்ன வெளிச்சப் பொட்டாக.

கேமரா அதை நெருங்கியது. பொட்டு பெரிதானது. உள்ளே ஹால் வளைந்து தெரிந்தது. சோபா. சோபாவில் அவள் பின்னந்தலை.

சட்டென்று பொட்டு இருண்டது.

வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. அவள் எழவே இல்லை.

லென்ஸில் ஒரு கண். உள்பக்கத்திலிருந்து வெளியே பார்க்கும் கண். அது ஒருமுறை இமைத்தது. வந்தவரைத் தெரிந்துகொண்டதுபோலச் சுருங்கியது.

அவள் முதுகுக்குப் பின்னால், யாரோ தாழ்ப்பாளை மெதுவாக விலக்கினார்கள்.