பாட்டு முடிந்த பிறகு

மழையில் நனைந்தபடி ஒலிபெருக்கியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவனை, பின்னாலிருந்து வந்த குரல் நிறுத்தியது.

"இனிமே இங்க வந்து அந்தப் பாட்டைப் பாடாதீங்க."

திரும்பினான். முதியோர் இல்லத்து நர்ஸ். நீலச் சீருடை, தோளில் ஈரத் துண்டு... அப்போதுதான் அழுது முடித்ததுபோல் பளபளத்த கண்கள்.

அவன் மேடைப் பாடகன். ஒரு பணக்காரரின் பிறந்தநாளுக்காக அங்கே பாட வந்தவன். பெற்றவர்களைப் போற்றும் அந்தப் பாட்டைப் பாடினால் எந்தக் கூட்டமும் கலங்கும். இங்கேயும் கலங்கியது. விருந்தினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு, கிளம்பிவிட்டார்கள்.

"எல்லாரும் ரசிச்சாங்களே..." என்றான்.

"ரசிச்சவங்க கார்ல போயிட்டாங்க. மத்தவங்க உள்ள இருக்காங்க. வந்து பாருங்க."

கூடத்தில் யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் ஓர் அம்மாள் தலைசீவி, நல்ல உடுப்பு மாற்றி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், எல்லாருக்கும் டீச்சரம்மா. அவனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மகனும் இந்தப் பாட்டைக் கேட்டிருப்பான்ல தம்பி?"

கேட்டிருப்பார் என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

உங்களைப் பெற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்தான் என்று நர்ஸ் குத்தலாகச் சொன்னாள். அவன் தலைகுனிந்தான். இருவருமே இல்லை என்றான். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா ஆஸ்பத்திரியில் தனியாகக் கண்மூடிய மாலையில், அவன் வேறோர் ஊரில், மேடையில், இதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான்...

அவளுக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வீம்பு.

அடுத்த வாரம் அவன் வந்தான். மைக் இல்லை, பாட்டு இல்லை.

"என்ன பாடகரே, வழி தவறிட்டீங்களா?"

"இல்ல... வழி கேட்டுத்தான் வந்தேன்."

அதன்பின் அடிக்கடி வந்தான். தாத்தாக்களுக்குச் சவரம் செய்துவிட்டான். டீச்சரம்மாவுக்குப் பழம் உரித்துக் கொடுத்தான். உன் பாட்டில் ழகரம் சரியில்லை என்று அவர் அவனை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தபோது, திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு... அந்தச் சிரிப்புக்காகவே வேண்டுமென்று தப்பாகச் சொன்னான்.

ஒருநாள், உங்கள் வீட்டில் வந்து பேசலாமா என்று கேட்டுவிட்டான். அவள் முகம் இறுகியது. வேண்டாம் என்ற ஒரே சொல். அன்றிலிருந்து அவன் வந்தால் அவள் வேறு அறைக்குப் போய்விடுவாள். ஏன்... நான் என்ன தப்பாகக் கேட்டேன்? அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் வருவதை நிறுத்தவில்லை.

மழைக்காலம் முடியும் முன்பே டீச்சரம்மா இறந்துபோனார். மகனுக்குச் சொன்னார்கள். வர இயலாது, நீங்களே முடித்துவிடுங்கள் என்று பதில் வந்தது. அடக்கத்துக்கு இல்லத்து மேலாளர், ஓட்டுநர், அவன், அவள்... அவ்வளவுதான். அந்தப் பாட்டைப் பாடலாமே என்றார் மேலாளர். அவன் மறுத்துவிட்டு, குழிக்குள் மண் தள்ளினான்.

திரும்பும் வழியில் அவளே பேசினாள்.

"எங்கம்மா படுத்த படுக்கை. என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்க எல்லாரும் ஒண்ணுதான் சொன்னாங்க. அதான் நீ வேலை பார்க்கிற இடம் இருக்கே, அங்க விட்டுடலாமேன்னு..."

"நானும் அப்படித்தான் சொல்வேன்னு நினைச்சீங்களா?"

"நீங்களும் சொல்லிட்டா... தாங்கமாட்டேன்னு நினைச்சேன்."

அவன் சேறு படிந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கப்பாவை ஒருநாள்கூட நான் தூக்கி உட்காரவச்சதில்ல. எப்படித் தூக்கணும்னுகூடத் தெரியாது... சொல்லித் தருவீங்களா?"

"முதுகை வளைக்கக்கூடாது... முழங்காலை மடக்கணும்..." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "அப்புறம்... அம்மாவுக்குக் கோபம் ஜாஸ்தி. திட்டுவாங்க."

"திட்டட்டும். வீட்டுல என்னைத் திட்ட ஆள் இல்லாமப் போய் ரொம்ப நாளாச்சு."

அவள் அழுதுகொண்டே, வெகுநாளைக்குப் பிறகு, அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்..." என்றாள்.