மாடி அறைக்கு எட்டாத சிக்னல்

"இதை யாருங்க இங்க மாட்டினது?"

வந்ததும் வராததுமாக நெட்காரன் கேட்ட முதல் கேள்வி. வெளியே மழை... நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, மாடி அறை வாசலில் நின்றான். உதடு சிரிக்கவில்லை, கண்கள் சிரித்தன. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"நான்தான். ஏன்?"

"சிக்னலே வராத ரூம்ல வைஃபை எக்ஸ்டெண்டரை வெச்சா, அது எதை வாங்கி எதைக் குடுக்கும்? பாதி வழியில, மாடிப்படிகிட்ட வெக்கணும்."

"அப்படின்னு அட்டைப்பெட்டியில போடலையே..."

"உள்ள ஒரு தாள் இருக்கும். நீங்க பிரிக்கவே இல்ல போல."

திமிரைப் பார்... ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். காது கேளாதவர்களுக்காக வீடியோவில் பேச்சைச் சைகையில் மொழிபெயர்ப்பவள் அவள். நாளை பத்து மணிக்கு ஒரு மருத்துவமனை வேலைக்கு வீடியோவிலேயே தேர்வு. நடுவில் படம் நின்றால் கையும் நின்றுவிடும், டாக்டர் சொல்வது நோயாளிக்குப் போகாது. ஏற்கெனவே இரண்டு வேலைகள் இப்படித்தான் கைநழுவின. மூன்றாவதை அவள் விடுவதாக இல்லை.

எக்ஸ்டெண்டரைப் படிக்கட்டில் வைத்துப் பார்த்தான். கீழே அப்பாவின் டிவி, அம்மாவின் போன், தம்பியின் கேம்... எல்லாம் ஓட, மாடியில் படம் திக்கியது.

"ஹால் சுவத்துல ஓட்டை போட்டு, படிக்கட்டு வரைக்கும் கேபிள் இழுத்து இன்னொரு பெட்டி வெக்கணும்."

"என் சுவத்துல யாரும் கை வெக்கக் கூடாது," என்றார் அப்பா. "போன வாரம்தான் பெயின்ட் அடிச்சிருக்கு."

நெட்காரன் பையை மூடினான். "ஐயா வேண்டாம்னா நான் போட முடியாதுங்க."

"அப்ப டிரில்லை என்கிட்ட குடுங்க."

வாங்கிக்கொண்டு சுவரெதிரே நின்றாள். "அப்பா, சுவரு உங்களோடது. வேலை என்னோடது. இதையும் விட்டுட்டு நான் சும்மா உக்காரணுமா?"

அப்பா அவளையே பார்த்தார். பிறகு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். "சோபாவுக்குப் பின்னாடி போடு. கண்ணுல படாம இருக்கட்டும்."

டிரில் நழுவாமல் அவன் கை கொடுத்தான். விரலோடு விரல் பட்டது... ஐயோ, இதென்ன படபடப்பு? மாடிக்கு ஓடிப்போனாள்.

கேபிள் இழுத்து, பெட்டியை மாட்டி முடித்ததும் ஹாலிலிருந்து அவனுடைய வீடியோ அழைப்பு. "இப்ப கீழ எல்லாமே ஓடுது. நீங்க சைகையில ஏதாவது பேசுங்க. படம் நிக்குதான்னு பாக்கறேன்."

இவனுக்கு என்ன புரியப்போகிறது... அந்தத் தைரியத்தில் கைகள் தாமாக எழுந்தன. உங்க கண்ணு எனக்குப் பிடிச்சிருக்கு. கோபம் வர்ற மாதிரி பேசினாலும் உங்களைப் பிடிச்சிருக்கு.

படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

அவன் போனை எதிலோ சாய்த்து வைத்தான். இரண்டு கைகளையும் தூக்கினான். நிதானமாக, பிழையில்லாமல்... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு.

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. "உங்களுக்கு... சைகை தெரியுமா?"

"எங்க அக்காவுக்குக் காது கேக்காதுங்க. வாய் பேசறதுக்கு முன்னாடியே நான் கையாலதான் சண்டை போட்டேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு எனக்கெப்படிங்க தெரியும்?"

அழைப்பைத் துண்டித்துவிடலாமா என்று விரல் போனது. கையை இழுத்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான்.

"சரி, வாயாலயும் சொல்றேன். கேட்டுக்குங்க..."

"மெதுவாங்க," என்று அவன் கிசுகிசுத்தான். "போன் ஸ்பீக்கர்ல இருக்கு. அப்பா, அம்மா, தம்பி... எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கேக்கட்டும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."