தண்ணீர் தீர்வதற்குள்

கண்காட்சிக்குச் சரியாக நாற்பத்தாறு மணி நேரம் இருந்தபோது, ஐந்தாம் வகுப்பு ஒரு நீதிமன்றமாக மாறியது.

மேசைகளைச் சுவரோரம் தள்ளினார்கள். இருபத்திரண்டு பேர் நீதிபதிகளாகத் தரையில் உட்கார்ந்தார்கள். வரலாற்று டீச்சர் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

"இது அந்தக் காலத்து கிரீஸ்ல இருந்த ஏதென்ஸ் நீதிமன்றம். அங்க ஐநூறு பேர்கூட உக்காந்து தீர்ப்பு சொல்லுவாங்க. அதனால இன்னிக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றார்.

"நிஜமாவா டீச்சர்?"

"பேசாம இரு."

வகுப்பு சிரித்தது. பொடி மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பிலேயே குட்டையானவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பேச்சு நேரத்தை அளக்கும் தண்ணீர்க் கடிகாரம் அவள் பொறுப்பு. மேசை விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் பானை. அதன் பக்கச் சுவரில், அடியோரமாக, அவளுடைய அக்கா கம்பியைச் சூடாக்கிப் போட்டுக் கொடுத்த ஓட்டை. மூன்று லிட்டர் ஊற்றினால் நான்கு நிமிடத்தில் காலியாகும். வீட்டில் ஏழு முறை அளந்து பார்த்திருந்தாள்.

"ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு தண்ணி," என்று டீச்சர் நேற்றே சொல்லியிருந்தார். "ஒருத்தர் பேச்சைக் கேட்டா, அடுத்தவர் பேச்சையும் அதே அளவு கேக்கணும். அந்த யோசனை இன்னும் நம்ம கோர்ட்டுல இருக்கு. பானைதான் போயிடுச்சு."

வழக்கு இதுதான். கண்காட்சிக்காக வகுப்பே சேர்ந்து ஒரு ரோமானிய வளைவு செய்தது. பிளாஸ்டர் மாவைக் குழைத்து வார்த்த பதினொரு கற்கள். பசை கிடையாது, சாந்து கிடையாது. அடியில் அரைவட்டப் பலகை ஒன்றை முட்டுக்கொடுத்து, அதன் மேல் கற்களை அடுக்கினார்கள். பலகையை உருவினாலும் கல் கல்லைத் தாங்கி நிற்கும். அப்படிக் கட்டிய வளைவுகளில் சில இரண்டாயிரம் வருடமாக நிற்கின்றன.

இவர்களுடைய வளைவு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. கண்காட்சியில் எல்லோர் முன்னிலையிலும் உருவ வேண்டிய பலகையை, நேற்று மதியச் சாப்பாட்டு வேளையில் யாரோ உருவிவிட்டார்கள். ஆறு கற்கள் உடைந்தன. சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தபோது, கையில் பலகையோடு நின்றவள் நிதானம்.

எதையும் மூன்று தடவை யோசித்துவிட்டுப் பேசுவாள். அதனால்தான் நிதானம். வளைவைப் பற்றிப் பார்வையாளர்களுக்கு விளக்கப் போகிறவள் அவள். இன்று தீர்ப்பு எதிராகப் போனால் அந்த வேலை அவளுக்கு இல்லை.

முதலில், குற்றம் சாட்டும் பக்கத்துக்காக, ஓயாமல் பேசும் ரேடியோ எழுந்தான். பொடி பானையை நிரப்பி, விரலை எடுத்தாள். தண்ணீர் கீழே இருந்த வாளியில் சொரிந்தது.

"நீதிபதிகளே. பலகை யாரு கையில இருந்துச்சு? இவ கையில. அறையில வேற யாராவது இருந்தாங்களா? இல்ல. பலகை தானா குதிச்சு இவ கைக்கு வந்துச்சா? அதுக்குக் காலு இருக்கா?"

மூச்சே விடாமல் பேசினான். தண்ணீர் தீர்ந்த பிறகும் வாய் ஓடிக்கொண்டிருந்தது. "ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்கடா," என்றது ஒரு குரல்.

பொடி மறுபடி பானையை நிரப்பினாள். கொஞ்சம் வெளியே சிந்தியது. நேற்று மதியத்திலிருந்து அவள் நிதானத்தின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நிதானம் எழுந்தாள். மூன்று தடவை யோசித்தாள். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"நான் வந்தப்போ... பலகை தரையில கிடந்துச்சு. எடுத்தேன்."

அவ்வளவுதான். மறுபடி யோசனை.

"வேற ஒண்ணும் இல்லையா?" என்றான் ரேடியோ.

"இருக்கு. உடைஞ்ச கல்லை இன்னிக்கு வார்த்தா... நாளைக்குக் காஞ்சிடும்."

"அதையா கேட்டோம்? யாரு உருவினாங்கன்னு கேட்டா, சமையல் குறிப்பு சொல்றா."

பானையில் பாதிக்கு மேல் காலி. தண்ணீர் குறையக் குறைய மெதுவாகத்தான் சொட்டும். அந்த மெதுவான சொட்டு நிதானத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

"யாருன்னு எனக்குத் தெரியாது," என்றாள். "தெரிஞ்சா அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எந்தக் கல்லு முதல்ல நகர்ந்துச்சு? மேல இருக்கிற கல்லு விழுந்திருந்தா, கல்லு சரியாப் பொருந்தலன்னு அர்த்தம். தேய்ச்சு எடுக்கணும். அடிக்கல்லு வெளியே சறுக்கியிருந்தா, ரெண்டு பக்கமும் கனமா முட்டு வைக்கணும். அது தெரியாம மறுபடி கட்டினா... மறுபடி விழும். எல்லாரும் பாத்துட்டு இருக்கறப்போ விழும்."

அவள் வாழ்நாளில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"அது பாத்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும்," என்று சொல்லி அவள் உட்காரப் போனாள்.

பானையின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளைக் கூழாங்கல், ஒரு கறுப்புக் கூழாங்கல்; வெள்ளை என்றால் விடுதலை, கறுப்பு என்றால் குற்றம். இன்னும் சிறிது நேரத்தில், யார் எதைப் போட்டார்கள் என்று தெரியாமல், அவை மூடிய பெட்டிக்குள் விழும். பலர் கறுப்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்கள்.

பொடி ஓட்டையை விரலால் அடைத்தாள்.

"ஏய், தண்ணிய நிறுத்தாத. இது போங்கு," என்றான் ரேடியோ.

பேசமாட்டேன் என்று சொன்ன டீச்சர் பேசினார். "போங்கு இல்ல. சாட்சி வந்தா அங்கேயும் தண்ணிய அடைச்சிடுவாங்க. ஆனா சாட்சி எங்கே?"

பொடி நிதானத்தை மட்டும் பார்த்தாள்.

"அடிக்கல்லுதான். வலது பக்கம். முதல்ல அது வெளியே சறுக்குச்சு, அப்புறம்தான் மத்ததெல்லாம்."

நிதானத்தின் முகம் மலர்ந்தது. "அப்போ முட்டு வச்சா போதும்," என்றாள். பிறகுதான் நெற்றியைச் சுருக்கினாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

விரல் இடுக்கில் தண்ணீர் கசிந்து முழங்கை வரை ஓடியது.

"நிக்குதான்னு பாக்க ஆசையா இருந்துச்சு," என்றாள் பொடி. "பலகையை உருவினது நான்தான்."