ஃபிளோராவிடம் சொல்லாதது

காலை ஆறு மணிக்கே வாடகைக் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது.

"லூசி! புள்ளய எடுத்துட்டு வா. டாக்டரு பத்து மணிக்கெல்லாம் வரச் சொல்லியிருக்காரு!" கூடத்திலிருந்து மாமியார் ரெஜினம்மாளின் குரல் சுள்ளென்று வந்தது.

அடுக்களையில் நின்ற லூசி, தோளில் உறங்கிய ஸ்டெபியை இறுக்கிக்கொண்டாள். நான்கு மாதக் குழந்தை. ஆணா பெண்ணா என்று உடலைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பது பிறந்த அன்றே தெரிந்துவிட்டது.

"ஊடுபால் குழந்தைம்மா. இப்படியும் பிறக்கும். இது நோய் இல்ல, உயிருக்கு ஆபத்தும் இல்ல. யாரு சொன்னாலும் கத்தி வைக்க விட்டுராதீங்க. வளந்து தான் யாருன்னு அதுவே சொல்லட்டும்" என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா. கைக்குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்வதை நம் மாநிலத்தில் தடை செய்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

ரெஜினம்மாள் கேட்டால்தானே! மாநில எல்லையைத் தாண்டி ஒரு தனியார் டாக்டரைப் பிடித்துவிட்டாள்.

"எங்க வம்சத்துலயே இப்படி ஒண்ணு கெடயாது. ஒன் வயித்துல என்ன பாவம் இருந்துச்சோ..."

நான்கு மாதமாக இதே பேச்சு. லூசி தன் தாய் வீட்டில்கூட மூச்சு விடவில்லை. ஆசையாகப் பார்த்த நர்சரிப் பள்ளி வேலையையும் குழந்தைக்காக விட்டுவிட்டாள். கணவன் எட்வின் கங்கைகொண்டானில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவன். அம்மா பேசினால் தலையைக் குனிந்துகொள்வான்.

"நான் வரல அத்தை. புள்ளயும் வராது."

"ஒரு தடவ காட்டிட்டாவது வருவோமே லூசி..." எட்வின் தயங்கினான்.

"காட்டத்தான் கூட்டிட்டுப் போறீங்களா? விடியக்காலத்துலருந்து பால் குடுக்காதன்னு அத்தை சொல்லுதாவ. காட்டுறதுக்கு எதுக்குங்க வெறும் வயிறு?"

எட்வின் திகைத்து அம்மாவைப் பார்த்தான். அவனுக்கே அது தெரியாது!

"ஆமா, ஆபரேசனுக்குத்தான்!" ரெஜினம்மாள் வெடித்தாள். "என்னமோ கொல்லக் கொண்டுபோற மாதிரில்லா பேசுதா! ஒரு நாள் வலி. பொறவு நெனப்பே இருக்காது. நம்ம ஃபிளோராவுக்குச் செய்யலையா? நல்லாத்தான இருக்கா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது.

அறை வாசலில் எட்வினின் அக்கா ஃபிளோரா நின்றிருந்தாள். முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகவில்லை. தபால் ஆபீஸில் வேலை. சத்தம் கேட்டு எழுந்து வந்திருந்தாள்.

"எனக்கு... என்னம்மா செஞ்ச?"

ஃபிளோராவின் கை தன் அடிவயிற்றுக்குப் போனது.

"அடிவயித்துத் தழும்ப குடலிறக்கம்னு சொன்னியே? பதிமூணு வயசுலருந்து முழுங்குதேனே, அது சத்து மாத்திரை இல்லையா? நான் வயசுக்கே வரலையேன்னு அழுதப்ப, ஆண்டவரு சித்தம்னு என் வாய அடச்சியே! வந்த மாப்பிள்ளை ஒவ்வொருத்தரையும் நீதான திருப்பி அனுப்பின... வெக்கத்துல நான் ஒரு டாக்டர்ட்டகூட கேக்கலையேம்மா!"

ரெஜினம்மாள் அப்படியே தரையில் சரிந்தாள்.

"ஒனக்கு ரெண்டு வயசுட்டி... ஊரு சிரிக்கும்னு ஒங்கப்பா சொன்னாரு. பொம்பளப் புள்ளயா ஆக்கிருவோம், வளந்ததும் மாத்திரை குடுத்தாப் போதும்னு டாக்டருங்க சொன்னாங்க, வெட்டி எடுத்துட்டாங்க. பொறவு மூத்திரம் போகும்போதெல்லாம் அலறுவ... பக்கத்து வீட்டுக்குக் கேட்டுரக் கூடாதுன்னு ஒன் வாயப் பொத்துனேன். இந்தக் கையாலதான் பொத்துனேன்!"

ஃபிளோரா சுவரில் சாய்ந்தாள். லூசி ஓடிப்போய், குழந்தையை ஒரு கையிலும் ஃபிளோராவை மறு கையிலுமாக அணைத்துக்கொண்டாள். இருவரும் விம்மினார்கள்.

எட்வின் முதல்முறையாக அம்மாவிடம் குரலை உயர்த்தினான். "நம்ம ரத்தத்துலயே இருந்திருக்கு. தெரிஞ்சுக்கிட்டே நாலு மாசமா இவ மேல பழி போட்டியேம்மா! நானும் மரம் மாதிரி நின்னேனே!"

வெளியே போய்க் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தான். லூசியின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

ரெஜினம்மாள் மருமகளின் காலைப் பிடிக்கப் போனாள். லூசி தடுத்து, ஃபிளோராவைக் காட்டினாள்.

"எங்கிட்ட எதுக்கு அத்தை? மைனிகிட்ட கேளுங்க."

"இப்பம் கேக்காத" என்றாள் ஃபிளோரா. "எனக்கு முடியாதும்மா... என்னால முடியாது."

முகத்தைத் துடைத்துக்கொண்டு லூசியிடம் திரும்பினாள். "அந்த டாக்டரம்மாவ நானும் பாக்கணும். எங்கிட்டருந்து என்னத்த எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியணும். கூட வருவியா?"

"வாரேன் மைனி. இப்பவே போவோம்."

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு ஃபிளோரா ஆட்டோவில் ஏறினாள். லூசி குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்வின் பைக்கை எடுத்தான். அப்போது ரெஜினம்மாள் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரி, எந்த வருசம்னு எனக்குத்தானட்டி தெரியும்... நானும் வரட்டா?"

கிளம்பப்போன ஆட்டோவை ஃபிளோரா கை காட்டி நிறுத்தினாள்.

"வா. ஆனா டாக்டரம்மா முன்னால ஒண்ணு விடாம சொல்லணும்."

"சொல்லுதேன்... எல்லாத்தையும் சொல்லுதேன்."

ஃபிளோரா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. லூசியின் பக்கமாக நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டாள்.

"பைய ஏறும்மா" என்றாள். "கால் இடறிரப் போகுது."