நிலவறைப் படியில் கூழாங்கல்

இந்த வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாளே பார்த்தேன். உருளைக்கிழங்கு போட்டு வைக்கும் நிலவறையின் முதல் படியில் ஒரு கூழாங்கல், ஈரமாக. பெருக்கித் தள்ளினேன். அடுத்த நாளும் ஒன்று. காக்கை வேலை என்றார் என் கணவர் ஸெனோன். எந்தக் காக்கை முப்பத்தோரு வருஷம் ஒரே படியில் கல் வைக்கும்? கேட்டால் எரிந்து விழுவார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியப் பேருந்தில் த்வோரா என்றொரு அம்மாள் வந்து இறங்கினார். எழுபது வயதுக்கு மேல், கையில் தடித்த நோட்டு. எங்கள் ஊர் யூதர்களை ஜெர்மன்காரன் காட்டுக்குள் சுட்டுக் குவித்தபோது தப்பிய ஒரே ஆள், இவருடைய அப்பா.

"காட்டுல செத்தவங்களுக்குக் கல்லே கிடையாதும்மா. எங்க ஃப்ரூமா அத்தை மட்டும் அதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல போனாங்க. எங்க குடும்பப் பேர் இருக்கிற கல்லறைக் கல்லு அது ஒண்ணுதான். நாளைக்கு மதியம் கிளம்பணும், அதுக்குள்ள பார்த்துடணும்."

யூதர் இடுகாட்டுக்குக் கூட்டிப் போனேன். வெறும் புல்தான். போர்க் காலத்தில் கல்லையெல்லாம் பெயர்த்து, கட்டடம் கட்ட அள்ளிப் போய்விட்டார்கள். த்வோரா குனிந்து, பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துப் புல்மேல் வைத்தார்.

"இது எதுக்கு?"

"நாங்க பூ வைக்க மாட்டோம்மா. கல்லறையைப் பார்க்க வந்தா, வந்ததுக்கு ஒரு கல்லு வெச்சுட்டுப் போவோம்."

எங்கள் நிலவறைப் படி!

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

"அந்தப் படியைப் பெயர்க்கணும்," என்றேன் ஸெனோனிடம்.

"உனக்கென்ன பைத்தியமா? இன்னிக்கு ஒரு கல்லு, நாளைக்கு வீட்டையே கேப்பாங்க!"

"அப்போ தெரிஞ்சேதான் இருந்தீங்களா?"

கடப்பாரையை நானே எடுத்தேன். புரட்டியதும் ஈர மண்வாடை குப்பென்று அடித்தது. அடிப்பக்கம் யூதர்களின் எழுத்து.

பின்னாலேயே வந்து சேர்ந்த த்வோரா விரலால் தடவிப் படித்தார். "மெண்டல். செருப்புத் தைக்கிறவர்." மறுபடி ஒருமுறை தடவினார். "எங்க அத்தை இல்லம்மா." ஆனாலும் நோட்டில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் மெண்டலின் கல்லை இடுகாட்டில் நட்டோம்.

காலையில் கதவைத் திறந்தேன். நிலவறை வாசலில் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று திரும்பினேன்.

சுவரடியில் ஒரு கூழாங்கல்.

பக்கத்தில் இன்னொன்று.

அஸ்திவாரம் நெடுக, வீட்டைச் சுற்றி, சாண் சாணாக. எல்லாம் ஈரம்.

ஸெனோன் வெளிறிப்போய் நின்றார்.

"எத்தனை கல்லுங்க?" என்றேன்.

"இடுகாட்டுலேர்ந்து அப்பா மூணு வண்டி கொண்டாந்தார்." சுவரைத் தொட்டார். "வீடே அதுமேலதான் நிக்குது, யத்விகா."

பேருந்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. ஃப்ரூமாவின் கல் எந்தச் சுவருக்கு அடியிலோ! கடப்பாரையை எடுத்தேன். "நம்ம வீடுடி," என்று அழுதாரே தவிர, இந்த முறை அவர் தடுக்கவில்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றேன்.

ஆளில்லாத சமையலறைக்குள், அடுப்புக்குக் கீழே, யாரோ மெதுவாக ஒரு கல்லை வைக்கும் சத்தம் கேட்டது.